பதினெட்டாம் தேதி, இரண்டு நபர்கள்

ஜூலை 17, புதன் (ஆடி 1)

அப்பா கடைக்கு வந்த உரக் கம்பெனி டைரி இது. ஏழு மாசம் பீரோவுல சும்மா கிடந்தது, இன்னைக்கு எடுத்துக்கிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் தலையில இங்கிலீஷ் தேதி, அதுக்குப் பக்கத்துல தமிழ்த் தேதி, அடியில யூரியா எப்ப போடணும்னு ஒரு புத்திமதி. எழுத ஆள் இல்லாத டைரியும் பேச ஆள் இல்லாத நானும் நல்ல ஜோடி.

ஆடி விருந்து முடிஞ்சது. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, ரெண்டு பாயசம், அப்பளத்தை எண்ண முடியலை. அஞ்சு மணிக்கு இவர் கரூருக்குக் கிளம்பினார். நான் துறையூர்லயே நின்னுட்டேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு நாள். ஆடியில புதுப்பொண்ணு புருஷன்கூட இருக்கக்கூடாதாம், இருந்தா சித்திரை வெயில்ல பிரசவம் வந்துடுமாம். ஆவணி பிறந்ததும் அத்தை வந்து கூட்டிட்டுப் போவாங்களாம்.

எல்லாம் சரி. ஆனா சிவநேசன்னு ஒருத்தர், அதான் என் வீட்டுக்காரர், ஆகஸ்ட் ஏழாம் தேதி கப்பல் வேலைக்குக் கிளம்புறார். ஒன்பது மாச ஒப்பந்தம். ஆவணியில நான் அங்க போறப்போ கொடியில அவர் லுங்கிதான் தொங்கும். இதை அம்மாகிட்ட சொன்னேன். "அதுக்கு நான் என்னடி பண்றது? ஆடின்னா ஆடிதான்"னாங்க.

எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. இங்க என் பழைய கட்டில் இருக்கு, ஃபேன் நல்லா சுத்துது.

ஜூலை 19, வெள்ளி (ஆடி 3)

காலையில கூழ் காய்ச்சி ஊத்தினோம். மத்தியானம் மொட்டை மாடியில வடாம் காயப்போட்டுக் காக்காய்க்குக் காவல். அங்கதான் போன் பேச முடியும்.

இவர் கேட்டார், "கலா, திருச்சியில ஒரு ரூம் போடட்டுமா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பேசத்தான்."

"ச்சீ, தாலி கட்டின புருஷனைப் பார்க்க லாட்ஜுக்கு வரணுமா நான்? மானம் போயிடும்"னு போனை வச்சுட்டேன்.

வச்சதுக்கப்புறம் யோசிச்சேன். கரூர் வீட்டுல முப்பத்தெட்டு நாளும் ஆள் நடமாட்டம்தான். கதவைச் சாத்தினா சார்ஜர் இருக்கான்னு நாத்தனார் தட்டுவாங்க. அவங்க போனா பீரோ சாவிக்கு அத்தை. ஒரு நாள் மிக்ஸி மூடியைத் தேடிக்கிட்டு மாமாவே வந்தார். எங்க ரூம்ல எதுக்கு மிக்ஸி மூடி? இவர் தன்னோட முதல் கப்பல் கதையை மூணு தடவை ஆரம்பிச்சிருக்கார், ஒரு தடவைகூட துறைமுகத்தைத் தாண்டலை. எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம். யாரும் கதவைத் தட்டாத ஒரே ஒரு மத்தியானம் வேணும்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். அம்மா படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு, அதனால சுருக்கமா முடிச்சேன். "பதினெட்டுக்குப் போடுங்க. ஏசி இருக்கணும்." அவ்வளவுதான்.

ஜூலை 21, ஞாயிறு (ஆடி 5)

போட்டுட்டார்! மாம்பழச்சாலை பக்கம், ஆத்தங்கரையை ஒட்டின ஓட்டல். மூணாவது மாடி, ஜன்னல்ல காவிரி தெரியுமாம். ஆடிப்பெருக்கு அன்னைக்கு அந்தப் பக்கம் திண்டாட்டமா இருக்கும், ரூம் கிடைச்சதே அதிசயம்.

பதிவுச் சீட்டை எனக்கு அனுப்பினார். நான் ஆறு வருஷம் வக்கீல் ஆபீஸ்ல அக்ரிமென்ட் டைப் அடிச்சவ. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு ஊருக்கே சொன்னவ. அதனால நிபந்தனையை எல்லாம் மூணு தடவை படிச்சேன். திட்டத்துக்குப் பேர் 'ஆடித் தம்பதியர் சலுகை'. ஆடியில தம்பதிக்குச் சலுகையாம், எந்த மகராசன் யோசிச்சானோ! ஒண்ணு, பதிவை ரத்து செய்யவோ தேதி மாற்றவோ இயலாது. ரெண்டு, வராவிட்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது. மூணு, பதிவில் உள்ளபடி இரண்டு நபர்களும் நேரில் வர வேண்டும். பகல் பன்னெண்டு மணிக்கு உள்ளே போகலாம்.

பன்னெண்டுலருந்து அஞ்சு வரைக்கும். அஞ்சு மணி நேரம். அவர் முதல் கப்பல் எந்த நாட்டுக்குப் போச்சுன்னு அன்னைக்காவது தெரிஞ்சுடும்.

ஜூலை 24, புதன் (ஆடி 8)

ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். பழசெல்லாம் இறுக்கமா இருக்கு, அதான்.

ஜூலை 26, வெள்ளி (ஆடி 10)

மாவிளக்கு போட்டோம். நெய் வாசம் ஒத்துக்கலை, கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துட்டேன். வெயில்தான் காரணம்.

அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லி வச்சுட்டேன். "பெருக்கு அன்னைக்கு ஹேமாவும் நானும் திருச்சிக்கு, அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிட்டு வர்றோம்." ஹேமா என்கூட காலேஜ்ல படிச்சவ. அம்மா மாவைப் பிசைஞ்சுக்கிட்டே, "ஹேமா பெங்களூரு போயிட்டான்னு சொன்னாங்களே"ன்னாங்க.

"லீவுல வர்றா."

"ஓ" அப்படின்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலை. எங்க அம்மா ஒரு தக்காளி வாங்கினாலே ஏழு கேள்வி கேட்கிறவங்க. நல்லவேளை, மாவு வேலையில கவனிக்கலை.

ஜூலை 29, திங்கள் (ஆடி 13)

அவசரமா எழுதுறேன். எழுத்து கோணுனா கோணட்டும்.

பஸ் சீக்கிரம் போயிடும், பன்னெண்டு மணி வரைக்கும் கூட்டத்துல நிக்க வேண்டாமே, பத்து மணிக்கே உள்ளே விடுவாங்களான்னு கேட்கலாம்னு ஓட்டலுக்குப் போன் பண்ணினேன். ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு எடுத்தா. நல்ல குரல். பதிவு எண் சொன்னேன்.

"மேடம், உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கே. இப்பவே சொல்ல முடியாது"ன்னா.

"என்னம்மா இருபது நாள்? வர்ற சனிக்கிழமை. ஆடிப் பதினெட்டு."

"இல்லை மேடம். ஆகஸ்ட் பதினெட்டு. ஞாயித்துக்கிழமை."

சீட்டைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் 18னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஆவணி ரெண்டு. அன்னைக்கு இவர் ஊரை விட்டுக் கிளம்பிப் பதினோரு நாள் ஆயிருக்கும்.

"அப்ப மூணாம் தேதிக்கு மாத்திக் குடுங்க."

"இந்தச் சலுகையில தேதி மாத்த முடியாது மேடம். மாத்தலாம்னாலும் மூணாம் தேதி ஒரு ரூம்கூட இல்லை. மறுநாள் அமாவாசை வேற."

வடாம் எல்லாத்தையும் காக்காய் தின்னுட்டுப் போச்சு. போகட்டும்.

ஜூலை 30, செவ்வாய் (ஆடி 14)

பெரிய சண்டை.

"நீ பதினெட்டுன்னுதானே சொன்னே கலா?"

"ஆடி மாசத்துல உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தி பதினெட்டுன்னு சொன்னா அது எந்தப் பதினெட்டு? காவிரிக்கரையில பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?"

"கப்பல்ல ஒரே காலண்டர்தான்மா. எட்டு வருஷமா அதுதான் மண்டையில ஓடுது."

"ஏழாம் தேதி கிளம்புற ஆள் ஆகஸ்ட் பதினெட்டுக்கு ரூம் போடுவாரா? அதாவது தோணுச்சா?"

அதுக்கு அவர் சொன்னார், "நீ வர்றேன்னு சொன்னதும் எனக்கு வேற எதுவும் தோணலை."

அழுகை வந்துடும்போல இருந்துச்சு, அதனால போனை வச்சுட்டேன். இனிமே நானா கூப்பிட மாட்டேன்.

ஜூலை 31, புதன் (ஆடி 15)

ஜெசிந்தாவை இன்னைக்கு மட்டும் மூணு தடவை கூப்பிட்டேன். சட்டம் பேசினேன், கெஞ்சினேன், மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். "அந்த ரூலை நான் எழுதலை மேடம். யாராவது மூணாம் தேதியை கேன்சல் பண்ணினா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன், சத்தியமா"ன்னா பாவம்.

அதனால சாயங்காலம் கோயில்ல நின்னு, யாரோ ஊர் பேர் தெரியாத குடும்பத்தோட பயணம் கெட்டுப்போகணும்னு வேண்டிக்கிட்டேன். பாதியில வெட்கமா போச்சு. அம்மன் மூஞ்சியைப் பார்க்காம வந்துட்டேன்.

ஒண்ணை இங்க மட்டும் எழுதி வைக்கிறேன், அவர்கிட்ட சொல்ல மாட்டேன். சீட்டை மூணு தடவை படிச்சேன்னு எழுதினேனே, அதுல தேதி முதல் வரியிலயே இருக்கு. நான் அதைப் பார்க்கலை. அதுக்குக் கீழ 'திருமதி நித்யகலா சிவநேசன்'னு போட்டிருந்தது. ரேஷன் கார்டுலகூட இன்னும் மாத்தாத பேர். அந்த ஒரு வரியைத்தான் மூணு தடவையும் படிச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 1, வியாழன் (ஆடி 16)

அவர்கிட்டேருந்து மெசேஜ். "சனிக்கிழமை பத்து மணி, அம்மா மண்டபம். ரூம் இல்லாட்டிப் படிக்கட்டு இருக்கு."

"ம்"னு பதில் போட்டேன். ரெண்டு ம் போட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி (ஆடி 18)

அம்மா விடியக்காலையிலயே பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நின்னாங்க. "நானும் வர்றேன். புதுத்தாலிக்குக் கயிறு மாத்தணும், அதெல்லாம் ஹேமாவுக்குத் தெரியாது." ரெண்டு பேருமா பஸ் ஏறினோம். வழியெல்லாம் வயித்தைப் புரட்டிச்சு. அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில வச்சாங்க.

அம்மா மண்டபத்துல, அப்பா சாமி, எவ்வளவு ஜனம்! தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போகுது. ஒரு படியில இடம் பிடிச்சு வாழையிலையில காப்பரிசி, பழம், காதோலை கருகமணி எல்லாம் வச்சோம். அம்மா மஞ்சள் கயிறைக் கையில எடுத்தாங்க, நிமிர்ந்து பார்த்தாங்க, அப்படியே நிறுத்தினாங்க.

"உன் ஹேமா தேங்காய்க் கடைப் பக்கத்துல நிக்கிறார் பாரு. ஒளிஞ்சு நிக்கிறவர் இந்த உயரத்துக்கு வளர்ந்திருக்கக்கூடாது."

எனக்கு உயிரே போச்சு. நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில ஒரு பை, திருதிருன்னு முழிச்சுக்கிட்டு வந்தார். "அத்தை... சும்மா... சாமி கும்பிடலாம்னு..."

"கும்பிடுங்க மாப்பிள்ளை. அதுக்கு முன்னாடி இந்தக் கயிறை நீங்களே கட்டிவிடுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை." எங்க அம்மா போன வாரம்தான் ஊசியில நூல் கோத்தாங்க.

கட்டினார். கல்யாணத்தன்னைக்கு மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே தெரியலை. இன்னைக்கு அவர் விரல் பின்கழுத்துல பட்டது தெரிஞ்சுது. முடிச்சு போடத் தெரியாம ரெண்டு தடவை அவிழ்த்தார். கப்பல்ல எத்தனை விதமா கயிறு கட்டுறதா பெருமை பேசுவார், இதுல தோத்துட்டார்.

அம்மா எழுந்தாங்க. "நான் போய் விளக்கை ஆத்துல விட்டுட்டு வர்றேன். கூட்டமா இருக்கு, அரை மணி ஆகும்." ஆத்துத் தண்ணி மூணு படி கீழதான் ஓடுது.

அந்த அரை மணியில நாங்க என்ன பேசினோம்? உருப்படியா ஒண்ணும் பேசலை. இந்தப் பக்கம் ஒரு குடும்பம் புளியோதரை சாப்பிட்டுச்சு, அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுச்சு. பையிலேருந்து எனக்குக் கைமுறுக்கு எடுத்துக் கொடுத்தார். ஆத்துக்கு அந்தாண்ட ஓட்டல் தெரியுதான்னு கேட்டேன், இந்தப் பக்கமே பின்னாடிதான் இருக்குன்னு திரும்பிக் காட்டினார். மூணாவது மாடி ஜன்னல்ல யாரோ துண்டு காயப்போட்டிருந்தாங்க. எனக்கு அவங்க மேல பொறாமையா இருந்துச்சு.

"அந்த ரூம் வீணாப் போகுது. நான் போய் கேன்சல் பண்ண முட்டி மோதிப் பார்க்கிறேன்"னேன்.

"விடு கலா, போனா போகட்டும்."

"என்ன போனா போகட்டும்? எல்லாம் போகுதே!" கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன்போல, புளியோதரைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. அவர் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில என் சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிட்டார். அம்மா வர்ற வரைக்கும் விடலை.

இன்னொண்ணு சொல்ல நினைச்சேன். எனக்கே நிச்சயமில்லாததை எப்படிச் சொல்றது? சொல்லலை.

ஆகஸ்ட் 7, புதன் (ஆடி 22)

மும்பையிலேருந்து பேசினார். ஏழு நிமிஷம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி (ஆடி 24)

நேத்து ராத்திரி கப்பல் ஏறிட்டார். இனிமே கரை வந்தாதான் சிக்னல். காலை வணக்கம்னு ஒண்ணு அனுப்பினேன், ஒத்தை டிக்கோட நிக்குது.

கறிவேப்பிலை தாளிக்கிற வாசம்கூட ஆகலை. அசிடிட்டிதான்.

ஆகஸ்ட் 12, திங்கள் (ஆடி 27)

மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். நம்ம தெருக் கடை இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம். என்ன வாங்கினேன்னு எழுத மாட்டேன்.

மத்தியானம் முழுக்க மாடியில உட்கார்ந்திருந்தேன். காயப்போட ஒண்ணுமில்லை, சும்மாதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன் (ஆடி 29)

அம்மாவும் நானும் ஆஸ்பத்திரி. அம்மாகிட்ட நான் வாயைத் திறக்கவே இல்லை, அவங்களே "கிளம்பு"ன்னாங்க. டாக்டரம்மா விரல் விட்டு எண்ணி ஒரு தேதி சொன்னாங்க. வெளிய வந்ததும் அம்மா சிரிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. "ஆடி முழுக்க உன்னைப் பிரிச்சு வச்சதுல என்ன பிரயோஜனம்? ஆனியிலயே முடிஞ்சிருக்கு கதை!" ரோட்டுல நின்னு சொல்றாங்க, எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை.

அந்தத் தேதியை இங்க எழுத மாட்டேன். முதல்ல தெரிய வேண்டியவருக்கு முதல்ல தெரியட்டும். காலை வணக்கம் இன்னும் ஒத்தை டிக்தான். கரூருக்கும் யாரும் சொல்லக்கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்.

அவர் வேணும் எனக்கு. இதை எழுதிட்டேன், இனி அடிக்க முடியாது.

ஆகஸ்ட் 16, வெள்ளி (ஆடி 31)

ஆடி கடைசி நாள். ஜெசிந்தா போன் பண்ணினா. குரல்ல அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம்! ரெண்டு வாரமா மேனேஜர் உயிரை எடுத்து ஒத்துக்க வச்சுட்டேன். உங்க புக்கிங்கை கேன்சல் பண்ணித் தர்றோம். கட்டின பணம் அப்படியே திரும்பிடும். ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்க, ரத்து செய்யவும்னு. போதும்."

அன்னைக்குப் படிக்கட்டுல உட்கார்ந்து கேன்சல் பண்ண முட்டி மோதிப் பார்க்கிறேன்னு சொன்னது இதுக்குத்தானே. டைப் அடிக்க ஆரம்பிச்சேன். 'ரத்து'ன்னு அடிச்சேன். அதுக்கு மேல விரல் நகரலை. அவர் எனக்காகப் போட்டது உலகத்துலயே அந்த ஒரு ரூம்தான். தேதி தப்பு, மாசம் தப்பு, ஆனா பேர் சரியா இருக்கு.

திரும்பக் கூப்பிட்டேன். "வேண்டாம் ஜெசிந்தா. நான் வர்றேன்."

"சார் கப்பல்ல இருக்கிறதா சொன்னீங்களே மேடம்? ரெண்டு பேரும் வரணுமே."

"வந்து பேசிக்கிறேன்"னு வச்சுட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு (ஆவணி 2)

இதை ஓட்டல் மேஜையில உட்கார்ந்து எழுதுறேன். டைரியையும் தூக்கிட்டு வந்துட்டேன்.

நாளைக்கு அத்தை வந்து கரூருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் திருச்சி போகணும்னு அம்மாகிட்ட ரூம் கதையை ஒண்ணு விடாம சொன்னேன். பொய் சொல்ல ஹேமா மிச்சமில்லை. "முன்னாடி சீட்டுல உட்காரு, பின்னாடி தூக்கிப் போடும். சாயங்காலத்துக்குள்ள வந்துடு"ன்னாங்க, அவ்வளவுதான். டப்பாவுல தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாங்க.

ஜெசிந்தா நான் நினைச்ச மாதிரி இல்லை. குள்ளமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, என்னைவிட மூத்தவ. பேரைச் சொன்னதும் எழுந்து நின்னுட்டா. ரிஜிஸ்டரைத் திருப்பி வச்சா. பேர், ஊர், எங்கிருந்து வருகை எல்லாம் எழுதினேன். 'நபர்கள்'ங்கிற கட்டத்துல 2ன்னு போட்டேன்.

அவ மெதுவா சொன்னா, "மேடம், ஒண்ணுன்னு போடுங்க. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். சார் வரலை இல்லையா?"

"சார் வரலை. ஆனா ரெண்டு பேர்தான் வந்திருக்கோம்."

அவளுக்குப் புரியலை. அப்புறம் என் கை எங்க இருக்குன்னு பார்த்தா. எனக்கே தெரியாம கை புடவை மடிப்பு மேல இருந்திருக்கு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா, ரிஜிஸ்டரை மூடினா, சாவியை எடுத்துக்கிட்டு அவளே லிஃப்ட் வரைக்கும் வந்தா. "ரூல்படி சரியா இருக்கு மேடம்"னா.

மூணாவது மாடி. ஜன்னல்ல காவிரி தெரியுது, அந்தப் படிக்கட்டும் தெரியுது. இன்னைக்குப் படியில யாரும் இல்லை. கதவுக் கைப்பிடியில 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டை இருந்துச்சு, எடுத்து வெளிய மாட்டினேன். கட்டில்ல இடது பக்கமா படுத்தேன். வலது பக்கம் காலியாவே இருந்துச்சு. அழுதேன். யாரும் தட்டலை. நான் ஆசைப்பட்ட மத்தியானம் இதுதான், அவர் ஒருத்தர்தான் குறை.

அப்புறம் எழுந்து முகம் கழுவி, தயிர்சாதம் சாப்பிட்டு, அவருக்குக் குரல்ல பேசி அனுப்பினேன். "என்னங்க, பதினெட்டாம் தேதி ரூமுக்கு வந்துட்டோம். ஏசி நல்லா இருக்கு. உங்க முதல் கப்பல் எங்க போச்சுன்னு திரும்பி வந்து எங்களுக்குச் சொல்லணும்."

ஒத்தை டிக். எந்தக் கடல்ல இருக்காரோ, எப்ப கேட்பாரோ. கேட்டாலும் 'வந்துட்டோம்'னு நான் சொன்னதைக் கவனிப்பாரா? தேதியைக் கேட்டுட்டு மாசத்தை விட்ட மனுஷன். நம்ப முடியாது. அதனால கீழயே இன்னொண்ணு அடிச்சு அனுப்பிட்டேன்.

"டாக்டர் சொன்ன தேதி பங்குனி 15. அதாவது மார்ச் 29. மாசம் ரெண்டும் போட்டிருக்கேன், இந்தத் தடவையாவது சரியா குறிச்சுக்குங்க."